அரை மில்லிமீட்டர்

அந்த ஜனவரி டுலூத்தில்
ஏரி கரையோரம் மட்டும் உறைந்திருந்தது.
கடைக்குள் இரண்டு அலமாரிகள்,
ஒன்றில் சிவப்புப் பெட்டிகள், எதிரே நீலம்.
நடுவில் நான்,
"ராஸ்கோ, கேளுங்கள், சொல்கிறேன்" என்று
சட்டையில் குத்திய பட்டையோடு.

கேட்டார்கள்.
சிவப்பு மலிவு. நீலத்தில் கொள்ளளவு கூடுதல்.
ஒரு ஸ்டூடியோ நேற்றிரவு கட்சி மாறிவிட்டது.
இன்னொன்று மதில் மேல் பூனை.
பொறுத்திருங்கள் என்பதுதான் உண்மையான பதில்,
பொறுத்திருப்பதற்குக் கமிஷன் கிடையாது.

பல் டாக்டர் ஹாலரன்
மூன்று சனிக்கிழமை வந்தார்.
துண்டுப் பிரசுரங்களை அடிக்கோடிட்டுப் படித்தார்.
மூன்று முறையும்
பேட்டரி மட்டும் வாங்கிப் போனார்.

யாரும் கேட்காததால் நான் சொல்லாதது:
சிவப்பு, நீலம் எல்லாம் அட்டைப்பெட்டிக்குத்தான்.
இரண்டு தட்டையும் படிப்பது
ஒரே ஊதா ஒளி.
ஒன்று தன் படத்தைத்
தட்டின் நடுவயிற்றில் வைத்திருக்கிறது,
மற்றது தோலுக்கு அடியிலேயே.
அரை மில்லிமீட்டர் வித்தியாசம்.
அதற்குத்தான் இத்தனை கோடி டாலர்,
இத்தனை வக்கீல்கள்.

வெர்னா கோல்ஸ்டாட் வந்த அன்று
வெளியே கழித்தல் இருபத்தொன்று.
பின்னால் அவள் கணவர் ஐனார்,
தாதுக் கப்பல்களில் முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவர்.
டெமோ டிவிக்கு மிக அருகில் போய்
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.
படம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.
"நடுவில் கறை விழுந்துவிட்டது" என்றாள் வெர்னா.
"நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை.
ஓரத்தில்தான் கொஞ்சம் மிச்சம்.
கோடை வரைக்கும் என்கிறார்கள்."

நான் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன்,
"எது நிலைக்கும் என்று பார்த்தால்..."

"அதைக் கேட்கவில்லை.
இன்றைக்கு எது இருக்கிறது?"

சிவப்பு இருந்தது.

பதினொரு தட்டுகள் பொறுக்கினாள்.
கதை என்னவென்று பின்னட்டையைத் திருப்பவில்லை.
தண்ணீர் உள்ளது, பறவை உள்ளது,
முகங்கள் நிறைய உள்ள ஒன்று.
ஐனார் தானே காருக்குத் தூக்கிப் போனார்,
படிக்கட்டைக் காலால் தடவித் தடவி.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
டோக்கியோவில் யாரோ கையை விரித்தார்கள்.
சிவப்பு முடிந்தது.
மேனேஜர் ஒரு பட்டியல் கொடுத்தார்:
வாங்கியவர்களைக் கூப்பிடு,
மன்னிப்புக் கேட்காதே, கூப்பன் கொடு.

ஏழாவது பெயர் கோல்ஸ்டாட்.
இனி புதுப் படங்கள் வராது என்றேன்.
"சரி" என்றாள்.
திருப்பித் தந்தால் முழுப் பணம் என்றேன்.
"எதற்கு? ஓடுகிறதே."
பிறகு அவர் ஃபோனை வாங்கினார்.
"தம்பி, அந்தக் கூழைக்கடா,
மூன்றாவது தட்டு,
அலகுக்கு அடியில் பையில் ஒரு தழும்பு இருக்கிறது.
பார்த்திருக்கிறாயா?"

அந்தத் தட்டைக் கடையில்
ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓட்டியவன் நான்.
இல்லை என்றேன்.

"இடது பக்கம்" என்றார்,
வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோல.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டெமோ பெட்டியில் அதைப் போட்டேன்.
பறவை தண்ணீரில் இறங்கியது, வாயைத் திறந்தது.
நேராகப் பார்த்தேன்.
நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன்.
கிடைக்கவில்லை.
முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன்,
யாரும் இல்லைதானே.

சனிக்கிழமை டாக்டர் ஹாலரன் வந்தார்,
பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் சொந்தக்காரர் மாதிரி.
"பொறுத்திருந்தேன் பார்த்தாயா?"
ஆமாம் என்றேன். நீலத்துக்கு பில் போட்டேன்.
கதவு வரை போனவர் திரும்பி வந்து,
"சரி, இதில் எதைப் பார்ப்பது?"
என்றார்.